ஓடும் சொல்



ஆங்கிலம் கற்கப் புகும் மாணாக்கர் முதலாண்டிலேயே அறிந்துகொள்ளும் சொற்களுள் 'ரன்' என்பதும் ஒன்று. ஓடுதல் எனப் பொருள் எழுதி மனனம் செய்துவிடுகின்றனர். ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துக்கள். இதில் என்ன இடர் இருக்கக்கூடும்? ஆயின் ஒக்ஸ்போட் ஆங்கில அகராதிக்காக இச்சொல்லை ஆராய்ந்த பீற்றர் கில்லிவர் என்பார், வினைச்சொல்லாக மட்டுமே இதற்கு 645 பொருள்கள் உண்டெனக் கண்டார். அதற்கு அவருக்கு ஏறக்குறைய ஒன்பது மாதங்கள் வேண்டியிருந்தன. இச்செய்தி 2011இல் வெளிவந்தது.

கால்களால் விரைதல், நீர் பெருகிச் செல்லுதல் ஆகியவை இச்சொல்லின் தொன்மையான பொருள்கள். இயந்திரங்கள் பெருகிய காலத்தில் அவையும் ஓடத் தொடங்கின. தமிழிலும் அவ்வாறே. ஆறு ஓடுகிறது, காலம் ஓடுகிறது, புகையிரதம் ஓடுகிறது, கொட்டகையிலே படமும் ஓடுகிறது. நம் நாட்டிலோ பஸ்ஸைச் செலுத்துபவரையும் 'பஸ் ஓடுகிறவர்' என்றே சொல்கிறோம்.

இவ்வளவு தூரம் இரு மொழிகளும் உடன் செல்கின்றன. அப்பால் வழி பிரிகின்றது. ஆங்கிலேயர் கடையை ஓடச் செய்கின்றனர். நாம் அதனை நடத்துகின்றோம். நடத்துதல் என்பது நடக்கச் செய்தலன்றோ? அமெரிக்கர் தேர்தலில் ஓடுகின்றனர், பிரித்தானியர் நிற்கின்றனர், நாமும் நிற்கின்றோம். அவர்களுக்குச் சளி பிடித்தால் மூக்கு ஓடுகிறது, நமக்கு ஒழுகுகிறது.

இவை வெறும் வேடிக்கையல்ல. மருந்து தீர்ந்துவிட்டது என்பதை ஆங்கிலத்தில் இச்சொல்லுடன் 'அவுற்', 'ஒவ்' என்னும் இரு சிறு சொற்களைச் சேர்த்துக் கூறுவர். சொல்லுக்குச் சொல் பொருள் எழுதிப் பழகிய மாணவன் 'மருந்தை விட்டு வெளியே ஓடினார்கள்' என எழுதுவான். வகுப்பறையில் அது நகைப்பு. அவனே நாளை எழுதுவினைஞனாக அமர்ந்து, ஆங்கிலம் அறியாத முதியவர் ஒருவருக்கு மருத்துவமனைக் கடிதத்தையோ குத்தகை உறுதியையோ படித்துப் பொருள் சொல்லும்போது, அது ஒருவருடைய உடல்நலத்துக்கும் காணிக்கும் கேடாக முடியலாம்.

ஆகவே பெற்றோரும் ஆசிரியரும் சொற்பட்டியலைப் பாடமாக்குவிப்பதோடு அமையலாகாது. எது ஓடுகிறது, எச்சொல்லோடு சேர்ந்து ஓடுகிறது என வினவப் பழக்குதல் வேண்டும். புதிய சொல்லைத் தனியே எழுதாது, அது வழங்கும் வாக்கியத்தோடு குறித்துக்கொள்ளட்டும். தனித்து நிற்கும் சொல் தன் பொருளை முழுதும் காட்டாது. அயலிலுள்ள சொற்களே அதனைக் காட்டும்.