எண்ணிக்கையும் பார்வையும்



திட்டங்களின் பயனை எண்களால் அளப்பது நம் வழக்கம். ஆயினும், ஓர் எண்ணைப் பதிவேட்டில் குறிப்பது வேறு. அதனைக் கண்டவுடன் செயற்படுவது வேறு. எச்.ஐ.வி. தொற்றுள்ளோரின் சி.டி.4 எண்ணிக்கை இதற்குத் தக்க சான்றாகும்.

உடலின் எதிர்ப்பாற்றலை நெறிப்படுத்தும் வெள்ளணுக்களே சி.டி.4 அணுக்கள். நலமுள்ளவரின் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் இவை ஏறத்தாழ 500 முதல் 1,500 வரை இருக்கும். எச்.ஐ.வி. இவற்றையே அழிக்கிறது. வயது வந்தவருக்கு இவ்வெண்ணிக்கை 200-க்குக் கீழே இறங்கினால், அதனை நோய் முற்றிய நிலையாக உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது.

நம் நாட்டில் வயது வந்தோரில் மிகப் பெரும்பாலோரின் உடலில் சைட்டோமெகலோ வைரஸ் அடங்கிக் கிடக்கிறது. எதிர்ப்பாற்றல் உள்ளவரை பொதுவாகத் தீங்கில்லை. எண்ணிக்கை 50-க்கும் கீழே சென்றால், அது கிளர்ந்தெழுந்து விழித்திரையைத் தாக்கக்கூடும். பெரும்பாலும் வலி இராது. தொடக்கத்தில் பலருக்கு அறிகுறியும் தோன்றாது. அழிந்த விழித்திரையோ மீள்வதில்லை. கண்மணியை மருந்திட்டு விரித்துச் சோதித்தால் இதனை முன்னரே கண்டறியலாம்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாக 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டது. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாக வழங்கப்படலாயிற்று. அந்நாளில் சிகிச்சை யாருக்கு என்பதைத் தீர்மானிப்பதில் சி.டி.4 எண்ணிக்கை முதலிடம் பெற்றது. 2017-இல், எண்ணிக்கை எதுவாயினும் தொற்றுள்ள அனைவருக்கும் சிகிச்சை என்ற கொள்கை வந்தது. இரத்தத்தில் உள்ள வைரஸின் அளவைக் காணும் சோதனையும் 2018 முதல் விரிவாக்கப்பட்டது. எனவே, சி.டி.4 சோதனைக்கு இனி வேலையில்லை எனச் சிலர் கருதக்கூடும்.

இக்கருத்து பொருந்தாது. மருந்து பயன் தருகிறதா என்பதை வைரஸ் அளவு கூறும். இன்று யாருடைய கண் ஆபத்தில் உள்ளது என்பதைச் சி.டி.4 எண்ணிக்கையே கூறும். நோய் முற்றிய பின் வருவோரும், சிகிச்சையை இடையில் விட்டுத் திரும்புவோரும் இன்றும் உள்ளனர். மேலும், கூட்டு மருந்தால் எதிர்ப்பாற்றல் மீளும்போது, மறைந்திருந்த தொற்றைச் சுற்றிக் கண்ணில் அழற்சி எழுவதும் உண்டு. ஆகவே, இவர்களுக்குத் தொடக்கத்திலேயே கண் பரிசோதனை தேவை.

இதற்குரிய வால்கான்சிக்ளோவிர் மாத்திரைக்கு அளிக்கப்பட்டிருந்த காப்புரிமையை, நோயாளர் அமைப்புகள் முன்வைத்த எதிர்ப்பின் பின்னர், சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2010-இல் நீக்கியது. விலை குறைய வழி பிறந்தது. எனினும், நோயைக் காலத்தில் கண்டறியாவிடில் மருந்து மலிந்தும் பயனில்லை.

சிகிச்சை மையம் ஓரிடத்திலும் கண் பிரிவு வேறிடத்திலும் இருந்தால், நோயாளர் இடைவழியிலேயே நின்றுவிட நேரும். ஆதலின், குறைந்த எண்ணிக்கை வந்த அன்றே கண் பிரிவுக்குப் பரிந்துரைச் சீட்டு வழங்கவும், அவர் அங்குச் சென்றாரா எனச் சரிபார்க்கவும் ஏற்பாடு வேண்டும். இதற்காகும் செலவு சிறிது. உழைக்கும் வயதினர் ஒருவர் பார்வை இழந்தால், அவர் குடும்பம் வாழ்நாள் முழுதும் சுமக்கும் இழப்போ பெரிது. நிர்வாகத்தில் இருப்போர் இவ்விரண்டையும் ஒப்புநோக்கிச் செயற்பட வேண்டுகிறேன்.