சக்கரத்துக்குள் ஒரு சிறு குழல்

தொம்மலூர் என்ற பெயரைப் பெங்களூருக்கு வெளியே உள்ளோர் அதிகம் கேட்டிருக்கமாட்டார்கள். பழைய விமான நிலையச் சாலையும் உள்வட்டச் சாலையும் சந்திக்கும் இடத்தில், ஒரு மேம்பாலத்தின் அண்டையில் இன்று அது இருக்கிறது. ஆனால் அங்குள்ள சொக்கநாதசுவாமி கோயிலின் கற்களை நெருங்கிப் பார்ப்போமாயின், பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்த தமிழ்க் கல்வெட்டுகளைக் காணலாம். தேசிமாணிக்கப் பட்டணம் என்ற மறுபெயரும் அவ்வூருக்கு அக்கல்வெட்டுகளில் உண்டு. ஆகவே பிழைப்பை நாடி அங்கே குடியேறிய தமிழன், முன்பின் அறியாத ஊருக்கு வந்துவிட்டோமே என்று ஏங்க வேண்டியதில்லை.

பிற்காலத்தில் நம்மவரை அப்பக்கம் இழுத்தது கோயிலன்று, ஆலைச் சங்கு. 1940ஆம் ஆண்டு டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்தின் முயற்சியால் அவ்வூருக்குக் கிழக்கே விமானத் தொழிற்சாலை எழுந்தது. 1948இல் தொலைபேசிக் கருவிகள் செய்யும் ஆலையும், 1953இல் இயந்திரக் கருவிகள் செய்யும் எச்.எம்.டி.யும் நகரின் வேறு பகுதிகளில் தோன்றின. லேத்தின் முன் நின்று இரும்பைக் கடையும் வேலையில் தமிழர் பலர் கை தேர்ந்தனர். நம்மூர்த் தச்சருக்கும் கொத்தனாருக்கும் அங்குலத்தை எட்டாகப் பகுத்த ‘நூல்’ போதும். இவர்களுக்கோ ஒரு நூலை மூவாயிரமாகப் பகுத்தாலும் போதாத வேலைகள் வந்து சேர்ந்தன. துல்லியம் என்பது அவர்கள் வீட்டில் சோறு போட்ட சொல்லாகும்.

அவ்வீடுகளில் இன்று மூன்றாம் தலைமுறைப் பிள்ளைகள் வளர்கின்றனர். அவர்களுள் சிலர் நான்கு சக்கரம் வைத்த பலகை ஒன்றின்மேல் ஏறி நின்றுகொண்டு தெருவில் விரைகிறார்கள். ஸ்கேட்போர்டு என்பது அதன் பெயர். 2021இல் டோக்கியோவில் நடைபெற்ற ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முறையாக இடம் பெற்றது. 2022இல் குஜராத்தில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டிகளிலும் சேர்ந்தது. மாமல்லபுரத்து மீனவர் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி இப்பலகையில் ஓடிய கதையைச் சொல்லும் ‘கமலி’ என்ற குறும்படம், 2020ஆம் ஆண்டின் பாஃப்டா பரிசுப் பட்டியல் வரை சென்றது. எனவே இதனைப் பணக்காரர் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. நம் இளமையில் லாரிப் பட்டறையில் கழித்துப்போட்ட பேரிங்குகளைக் கெஞ்சி வாங்கி, பலகையில் கோத்து, சிமெண்டுத் தரையில் ஊரே எழும்பும்படி ஓட்டிய பேரிங் வண்டியின் தம்பி முறைதான் இது.

இப்பலகையின் சக்கரத்துக்குள் இருக்கும் மிகச் சிறிய உறுப்பு ஒன்றைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறோம். அதன் பெயர் ஸ்பேசர். இடைக்குழல் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். நீளம் ஏறக்குறைய 10 மி.மீ., துளை 8 மி.மீ.; சுண்டுவிரல் நகத்தளவே இருக்கும். பலகைக்கு நான்கு வேண்டும். சாதாரணமானவை நான்கும் சேர்ந்து நூறு, இருநூறு ரூபாய்க்குள் அடங்கும். ‘துல்லியமாக அரைத்தது’ என்ற முத்திரையுடன் வெளிநாட்டிலிருந்து வருவனவற்றுக்கு அதுபோல் பல மடங்கு விலை கேட்கிறார்கள். மாதக் கடைசியில் மகன் வந்து, “அப்பா, அதுதான் வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் கெட்டுவிடும்” என்று நிற்கும்போது தந்தை என்ன செய்வது? கொடுத்தால் வீண் செலவோ என்ற ஐயம். கொடுக்காவிட்டால் பிள்ளை விழுந்துவிடுவானோ என்ற அச்சம்.

முதலில் அக்குழல் செய்யும் தொழிலைக் காண்போம். ஒவ்வொரு சக்கரத்திலும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பேரிங்குகள் உண்டு. 608 என்ற எண்ணால் உலகெங்கும் அறியப்படும் பேரிங்கு அது: துளை 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மி.மீ. இப்பேரிங்கில் வெளிவளையம் ஒன்று, உள்வளையம் ஒன்று, இடையே குண்டுகள். வெளிவளையம் சக்கரத்தோடு சேர்ந்து சுழலும். உள்வளையம் அச்சோடு சேர்ந்து அசையாமல் நிற்கவேண்டும். வெளிவளையங்கள் இரண்டும் சக்கரத்தின் உட்புறத்தில் உள்ள ஒரு படியின்மேல் அமர்கின்றன. உள்வளையங்களுக்கோ நடுவில் எவ்விதப் பிடிப்பும் இல்லை; அங்கே வெறும் வெளி. அந்நிலையில் அச்சின் நுனியில் உள்ள நட்டை இறுக்கினால், உள்வளையங்கள் இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நெருங்கும். குண்டுகள் தம் பள்ளத்தின் ஓரத்தில் ஏறி நெரிபடும். சக்கரம் தயங்கும், சூடேறும், ஓசையிடும். நாளடைவில் பள்ளத்தில் வடு விழும். குண்டுகளைத் தாங்கும் மெல்லிய கூடு நைந்து போகும். ஓட்டத்தின் நடுவே கூடு உடைந்து சக்கரம் நின்றுவிட்டால், பலகைதான் நிற்குமேயன்றி அதன் மேலிருக்கும் பிள்ளை நிற்கமாட்டான்.

நட்டைத் தளர விட்டால் இத்தீங்கு இல்லை. ஆனால் அப்போது உள்வளையம் அச்சின்மேல் தானே உருளத் தொடங்கி, அச்சையும் மரையையும் அரைத்துவிடும். இடைக்குழல் இவ்விரு தொல்லைக்கும் மருந்தாகிறது. உள்வளையம், குழல், உள்வளையம் மூன்றும் ஒரே தூண்போல் நிற்க, நட்டின் இறுக்கம் முழுவதையும் அத்தூண் தாங்கிக்கொள்கிறது. குண்டுகளுக்கு நெரிசல் இல்லை. 1975ஆம் ஆண்டளவில் கலிபோர்னியாவில் முழு பேரிங்கைப் பொருத்திய சக்கரங்கள் விற்பனைக்கு வருமுன், குண்டுகளைத் தனித்தனியே இட்டுக் கூம்பு மரையால் முடுக்கிய சக்கரங்களே இருந்தன. நம் பழைய சைக்கிள் அச்சை அவிழ்த்தவர்களுக்கு அத்தொல்லை தெரியும். குண்டுகள் தரையெல்லாம் சிதறும்.

சரி, குழல் வேண்டும். துல்லியமான குழல் எவ்வளவு துல்லியமாக வேண்டும்? இங்கேதான் விற்பவர் சொல்லும் எண்ணைக் கண்டு மயங்காமல், எந்திரத்தைக் கேட்கவேண்டும்.

லேத்தின் தலைப்பகுதியில் சுழலும் தண்டை எடுத்துக்கொள்வோம். அங்கும் இரு பேரிங்குகளுக்கு இடையே ஸ்பேசர் உண்டு; ஒன்றன்று, இரண்டு. உள்வளையங்களுக்கு நடுவே ஒன்று, வெளிவளையங்களுக்கு நடுவே மற்றொன்று. இவ்விரண்டையும் தேர்ந்த தொழிலாளி தனித்தனியே அரைக்கமாட்டார். காந்த மேசையின்மேல் இரண்டையும் அருகருகே வைத்து, ஒரே ஓட்டத்தில் அரைத்து எடுப்பார். நீளம் 40 மி.மீ. என்று வரைபடம் சொல்லியிருக்க 39.98 ஆகிவிட்டாலும் அவர் கவலைப்படமாட்டார்; இரண்டும் ஒரே அளவாக இருந்தால் போதும். ஒன்று மற்றதைவிட ஐந்து மைக்ரான் வேறுபட்டாலோ கவலைப்படுவார். ஏனெனில் பேரிங்கின் இறுக்கத்தை முடிவு செய்வது குழலின் நீளமன்று. இரு குழல்களின் நீளத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு. அதற்காக ஆகும் செலவு முற்றிலும் தகும். அந்தத் தண்டு ஆடினால் அதில் கடைந்த பொருள்கள் யாவும் கெடும்.

பலகைச் சக்கரத்திலும் கணக்கு இதுவே. உட்குழல் எஃகாலோ அலுமினியத்தாலோ ஆனது, வெளிக்குழல் எது? தனியாக ஒன்றும் இல்லை. சக்கரத்தின் உட்படியே வெளிக்குழல். அந்தச் சக்கரம் பாலியூரித்தேன் என்னும் மீள்தன்மையுள்ள பொருளை அச்சில் வார்த்துச் செய்தது. வார்த்த பொருள் ஆறும்போது சுருங்கும். விரலால் அழுத்தினால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். ஒரு கம்பெனியின் சக்கரத்துக்கும் வேறொன்றின் சக்கரத்துக்கும் அந்தப் படியின் அகலம் மி.மீ.யில் பத்திலொரு பங்கு, இரு பங்கு என வேறுபடுவதில் வியப்பில்லை. இந்நிலையில் உட்குழலை மட்டும் ஆயிரத்தில் ஐந்து பங்குக்கு அரைத்துத் தருவது, கோணிப்பையை எடை போடப் பொற்கொல்லரின் தராசைக் கொண்டுவருவது போன்றது.

பேரிங்கும் ஓரளவு விட்டுக்கொடுக்கும். புதிய 608 பேரிங்கில் குண்டுக்கும் வளையத்துக்கும் குறுக்குவாட்டில் உள்ள இடைவெளி 2 முதல் 13 மைக்ரான் வரை. அச்சின் திசையில் பார்த்தால் அந்த ஆட்டம் அதைப்போல் பல மடங்கு. இரு பேரிங்குகளுக்கும் சேர்த்து, மி.மீ.யில் பத்திலொரு பங்கை ஒட்டிய இடம் கிடைக்கிறது. ஆகவே குழலின் நீளம் நூறில் ஐந்து பங்கு முன்பின் இருந்தாலும் சக்கரம் முறையிடாது. அதற்குக் கீழே போவது வீண்.

இவ்வெண்ணோடு இன்னொரு மயக்கமும் வருகிறது. பேரிங்குகளின்மேல் ஏபெக் 3, 5, 7, 9 என்று பொறித்திருப்பார்கள். எண் உயர உயர விலையும் ஏறும். ஏபெக் 1 பேரிங்கின் துளை குறித்த அளவைவிட 8 மைக்ரான் வரை குறையலாம். ஏபெக் 7இல் 4 மைக்ரான் வரை மட்டுமே. வேறுபாடு உண்மைதான். ஆயினும் பலகையின் அச்சு ஓர் அங்குலத்தில் பதினாறில் ஐந்து பங்கு, அதாவது 7.94 மி.மீ. என்பதை நினைவிற்கொள்க. அச்சுக்கும் துளைக்கும் இடையில் ஏற்கெனவே ஐம்பது, அறுபது மைக்ரான் இடைவெளி இருக்கும்போது, துளையில் நான்கு மைக்ரான் மிச்சம் பிடித்து யாது பயன்? வேகத்துக்காக என்றும் சொல்ல முடியாது. 52 மி.மீ. சக்கரம் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் சுற்றுகள். சாதாரணத் தகட்டு மூடியிட்ட 608 பேரிங்கு முப்பதாயிரத்துக்கு மேல் தாங்கும் எனத் தயாரிப்பாளர் பட்டியல்களே கூறும். ஏபெக் எண், இரும்பின் தரத்தையோ, மசகின் தரத்தையோ, பக்கவாட்டு அடியைத் தாங்கும் வலிமையையோ பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. பெங்களூர்த் தெருத் தூசியைப் பற்றியும் சொல்வதில்லை.

அவ்வாறாயின் மலிவுக் குழல் எதுவாயினும் ஆகுமோ என்றால், ஆகாது. நீளத்தைவிட முக்கியமானது முகம். லேத்தில் கம்பியை வெட்டிப் பிரிக்கும்போது வெட்டிய முகம் சற்றே சாய்ந்தும், நடுவில் முளைவிட்டும் இருக்கும். இரு முகங்களையும் மறுபடி சீவிச் சரிசெய்தால்தான் அவை ஒன்றுக்கொன்று இணையாகும். அவசர வேலையில் ஒரு முகத்தைச் சீவி மற்றதை அப்படியே விட்டுவிடுவதுண்டு. முகம் சாய்ந்த குழலை இறுக்கினால் உள்வளையமும் சாயும். நீளம் எவ்வளவு சரியாக இருந்தாலும் குண்டுகள் ஒரு பக்கம் உராயும். நான்கு குழல்களும் ஒரே நீளமுள்ளவையா என்பது அடுத்த கேள்வி. வெளிவிட்டம் 12 மி.மீ.க்கு மேற்படாதிருத்தலும் வேண்டும். மேற்பட்டால் உள்வளையத்தோடு நில்லாமல் மூடியையும் தொடும்.

இவற்றைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. கண்ணாடித் துண்டின்மேல் குழலை நிறுத்தி, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்க்கலாம். அடியில் ஒளிக்கீற்று தெரிந்தால் அது வேண்டாம். இரு முகத்தையும் அவ்வாறே பார்க்கவேண்டும். ஒரு வெர்னியர் இரவல் கிடைத்தால் நான்கின் நீளத்தையும் அளந்துவிடலாம். தொம்மலூரில் அது எந்த வீட்டிலேனும் இருக்கும். பிறகு குழலை உள்ளே வைத்து, பேரிங்குகள் இரண்டையும் படியில் நன்றாக அமருமட்டும் அழுத்தவேண்டும். பேரிங்கு உட்காரவே மறுத்தால் குழல் நீளம். உட்கார்ந்தபின் குச்சியால் தொட்டால் குழல் கடகடவென்று உருண்டாடினால் குட்டை. தொட்டால் மெல்ல நகரும், ஆடாது என்றிருப்பதே நல்ல பொருத்தம். இவ்விரு பிழைகளுள் சற்று நீளமாயிருப்பது மேல்: சக்கரம் மயிரிழை பக்கவாட்டில் ஆடும், அவ்வளவே. குட்டையானது குண்டுகளை நெரிக்கும்.

பொருந்தாத குழலை வீசிவிடவும் வேண்டாம். அதையும் சக்கரத்தையும் எடுத்துக்கொண்டு ஏதேனும் ஒரு லேத்துப் பட்டறைக்குப் போகலாம். அங்கிருக்கும் பெரியவர் முதலில் கேட்பது, “தம்பி, வீல் எங்கே? வீலை அளக்காமல் புஷ் கடைய முடியாது” என்பதாகத்தான் இருக்கும். விளம்பரம் எழுதுவோர் கேட்காத கேள்வி அது. நீளமான குழலில் பத்திலொரு பங்கு சீவுவது அவருக்குச் சில நிமிட வேலை. புதிதாக நான்கு கடையச் சொன்னால், கூலி அதிகமாகத் தோன்றும். துளையிட்டு, ரீமர் விட்டு, வெட்டி, இரு முகமும் சீவ ஆகும் நேரத்தைவிட, எந்திரத்தை அந்த வேலைக்கு ஆயத்தம் செய்ய ஆகும் நேரம் பெரிது. நானூறு செய்தாலும் அதே ஆயத்தந்தான். பீன்யாவிலோ கோவையிலோ ஆயிரக்கணக்கில் கடையும்போது ஒரு குழலின் விலை ஏன் சரிகிறது என்பதும், நான்கே நான்கு கேட்டால் அவர் ஏன் தயங்குகிறார் என்பதும் இதனால் விளங்கும். பேரம் பேசுமுன் இதை எண்ணிப் பார்ப்பது நன்று.

அந்த வெளிநாட்டு ஸ்பேசருக்கும் ஏபெக் 9 பேரிங்குக்கும் கேட்ட பணத்தில் மிச்சம் பிடித்ததைத் தலைக்கவசத்துக்கும் முழங்கால், மணிக்கட்டுக் காப்புகளுக்கும் தரலாம் என்பது நம் கருத்து. பிள்ளைகள் இதை விரும்பமாட்டார்கள். கவசத்தைப் போட்டுக்கொண்டால் நண்பர்கள் சிரிக்கிறார்கள் என்பார்கள். ஆனால் சக்கரம் எவ்வளவு சரியாகச் சுழன்றாலும் சாலையில் கிடக்கும் ஒரு சரளைக்கல் போதும். தொம்மலூரில் சரளைக்குப் பஞ்சமில்லை.

சில பேரிங்குகளில் உள்வளையமே பாதிக் குழல்போல் நீண்டிருக்கும்; இரண்டையும் எதிரெதிரே வைத்தால் தனி ஸ்பேசர் தேவைப்படாது. அவற்றின் முழு நீளத்தையும் சக்கரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தே வாங்கவேண்டும். பேரிங்கின் வெளிப்பக்கத்தில் பக்கத்துக்கு ஒன்றாக மெல்லிய வாஷர் இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும், பலகைக்கு எட்டு. அது இல்லாவிட்டால் நட்டு நேராக மூடியை உரசும். கடைசியில், அச்சின் மரை ஏற்கெனவே தேய்ந்து, நைலான் பூண் வைத்த நட்டு விரலாலேயே சுழலுமாயின் எந்த ஸ்பேசரும் உதவாது. புது நட்டுக்கும் பிடிக்காத அளவு மரை போயிருந்தால் அச்சையே மாற்றவேண்டியதுதான். பிடிக்குமாயின் நான்கு நட்டுகளையும் ஒன்றாக மாற்றிவிடலாம். அதற்குச் சில ரூபாய்களே ஆகும்.