மணிக்கணக்கு மட்டும் போதுமா?



சிங்கப்பூருக்கு வந்துபோகும் தோட்டத்துக் குடும்பங்களுக்குத் தேக்கா தெரியும். சிராங்கூன் சாலை தெரியும். சாங்கி விமான நிலையமும் தெரியும். ஆனால் தீவின் வடகிழக்கில் சிலேத்தார் என்று இன்னொரு விமான நிலையம் இருப்பதைப் பலர் அறியார். ரப்பர் தோட்டமாக இருந்த நிலத்தில், 1920களில் பிரிட்டிஷார் அமைத்த விமானத் தளம் அது. 1928இல் முதல் கடல் விமானங்கள் அங்கே வந்து இறங்கின. இன்று பெரிய நிறுவனங்களும் செல்வர்களும் சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் சிறு ஜெட் விமானங்கள் அங்கே வந்து நிற்கின்றன. அவற்றை ஓட்டும் வேலைக்கு நம் பிள்ளைகள் எப்படித் தயாராவது? அதைத்தான் இன்று காணப்போகிறோம்.

முதலில் உரிமங்கள். அனைத்துலகச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்துள்ள குறைந்தபட்ச அளவு இது. பொழுதுபோக்குக்கு ஓட்டும் தனியார் விமானி உரிமத்துக்கு 17 வயதும் 40 மணி நேரப் பறப்பும் வேண்டும். சம்பளத்துக்கு ஓட்டும் வணிக விமானி உரிமத்துக்கு 18 வயதும் 200 மணி நேரமும் வேண்டும். அங்கீகாரம் பெற்ற முழுப் பயிற்சியானால் 150 மணி போதும். பெரிய விமானங்களுக்குத் தலைமை விமானியாக இருக்கத் தேவையான உயர்ந்த உரிமத்துக்கு 21 வயதும் 1,500 மணி நேரமும் வேண்டும். அந்த 1,500இல் 100 மணி இரவில் பறந்திருக்க வேண்டும். 75 மணி, வெளியே பாராமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறந்திருக்க வேண்டும்.

பெற்றோர்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 200 மணியில் உரிமம் கிடைக்கிறது, வேலை கிடைத்துவிடுவதில்லை. ஏன்?

நிறுவன விமானியின் வேலை, பயணிகள் விமானத்தை ஓட்டுபவரின் வேலையைப் போன்றதன்று. அவருக்கு நிலையான கால அட்டவணை இல்லை. முதலாளி இன்று ஜகார்த்தா என்பார். நாளை இதுவரை பார்த்திராத ஒரு சிற்றூர் என்பார். சாங்கியின் ஓடுபாதை 4,000 மீட்டர் நீளம். சிலேத்தாருடையது ஏறத்தாழ 1,840 மீட்டர்தான். வானிலை, எரிபொருள், இறங்கும் அனுமதி, சில வேளை பயணியின் பெட்டிகூட விமானியின் பொறுப்பிலேயே வரும். ஆகவே அவரது பறப்புப் பதிவேட்டில் எத்தனை மணி என்பதோடு, எப்படிப்பட்ட மணி என்றும் பார்ப்பார்கள்.

பால் வெட்டுகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வாளி நிறையப் பால் இருந்தாலும், அதில் காய்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று பார்த்தல்லவா கணக்கு எழுதுகிறார்கள்? ஒரே திடலைச் சுற்றிச் சுற்றி வந்த 500 மணி தண்ணீர் கலந்த பால். இரண்டு எஞ்சின் விமானத்தில், இரவில், மேகத்துக்குள், பல ஊர்களுக்குப் பறந்த 500 மணிதான் கெட்டிப் பால்.

கெட்டிப் பாலும் கெட்டுப்போவதுண்டு. 2014 மே 31 அன்று, அமெரிக்காவின் பெட்ஃபோர்டு நகரில் ஒரு தனியார் ஜெட் விமானம் மேலெழும்ப முடியாமல் ஓடுபாதையைக் கடந்து தீப்பற்றியது. விமானத்தில் இருந்த 7 பேரும் மாண்டனர். விமானிகள் இருவரும் 10,000 மணிக்கு மேல் பறந்தவர்கள். நின்றிருக்கும் விமானத்தின் அசையும் தகடுகள் காற்றில் அடிபடாதிருக்கப் போடும் பூட்டை எடுக்காமலே புறப்பட்டிருந்தார்கள். அதற்கு முந்திய 175 புறப்பாடுகளில் 98 விழுக்காட்டில் அவர்கள் முழுச் சோதனை செய்யவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. நல்ல பழக்கம் இல்லாத அனுபவம் ஆபத்தாக முடியும்.

சரி, உரிமம் பெற்றபின் செய்யத் தக்கது என்ன? பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராகலாம். பிறருக்குக் கற்பிக்கையில் நம் அறிவும் கூர்மையாகும், மணியும் சேரும். சிங்கப்பூருக்குள் உள்நாட்டு விமானச் சேவை கிடையாது. ஆகையால் இந்தோனேசியா, ஆஸ்திரேலியா போன்ற பரந்த நாடுகளில் சிறு விமானம் ஓட்டும் வாய்ப்பைத் தேட நேரலாம். அடுத்த படி, இருவர் சேர்ந்து ஓட்டும் விமானத்தில் துணை விமானியாவது. ஒவ்வொரு வகை ஜெட்டுக்கும் தனிப் பயிற்சியும் தேர்வும் உண்டு.

குறுக்கு வழி வேண்டாம். பறக்காத மணியைப் பதிவேட்டில் எழுதுவது குற்றம். 2011இல் இந்தியாவில், போலி மதிப்பெண் பட்டியல் காட்டி உரிமம் பெற்ற விமானிகள் கைது செய்யப்பட்டார்கள்.

கடைசியாகப் பணம். சேமநிதியையும் நகையையும் எடுக்குமுன் மூன்று காரியம் செய்யுங்கள். முதலாவது, பிள்ளைக்கு முதல் வகுப்பு மருத்துவச் சான்று கிடைக்குமா என்று பரிசோதியுங்கள். சான்று இல்லையேல் கட்டிய கட்டணம் வீண். இரண்டாவது, பள்ளி அரசின் அங்கீகாரம் பெற்றதா என்று விமானப் போக்குவரத்து ஆணையத்திடமே கேளுங்கள். முகவர் சொல்வதை நம்பிவிடாதீர்கள். மூன்றாவது, உரிமம் வாங்கியபின் வேலைக்குக் காத்திருக்கும் காலத்துக்கும் பணம் ஒதுக்குங்கள். படிப்புக்கு மட்டும் கணக்குப் போட்ட குடும்பங்கள்தாம் பாதி வழியில் தவிக்கின்றன.

கணிதம், பௌதிகம், ஆங்கிலம் ஆகிய மூன்றையும் இப்போதே ஊன்றிப் படிக்கச் சொல்லுங்கள். அதற்குக் கடன் வாங்க வேண்டியதில்லை. பெண் பிள்ளைகளுக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது.