துரையும் தொழிலாளரும்



மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் 'துரை' என்பது வெறும் பதவிப் பெயரன்று. 1975ஆம் ஆண்டளவில் தோட்டங்கள் அரசுடைமையாகி வெள்ளைக்காரக் கம்பனிகள் போயின. அந்தச் சொல் மட்டும் போகவில்லை. பெரிய துரை, சின்னத் துரை, கண்டக்டர், கணக்கப்பிள்ளை, கங்காணி என அதிகாரம் மலைச்சரிவைப் போலவே படிப்படியாக இறங்கி வந்தது. அடியில் இருந்தவர்கள் லயத்து மக்கள்.

ஆயினும், அக்காலத்தில் அவர்கள் நாள்தோறும் கண்ட அதிகாரம் துரையினுடையதன்று, பெரிய கங்காணியினுடையது. ஊரிலிருந்து அழைத்து வந்தவர் அவர். முன்பணம் கொடுத்துக் கடனாளியாக்கியவரும் அவரே. வேலைக்கு வந்த ஆட்களின் தலைக்கு இத்தனை காசு என்று அவருக்கு வரும்படியும் இருந்தது. கடனைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டு, 1921இல் ஒழிக்கப்படும்வரை, குடும்பங்களைக் கட்டிப் போட்டிருந்தது. கங்காணியின் கொடுமை தாங்காதவர் துரையிடம் முறையிட்டனர். அதனை அடிமைப் புத்தி என்று பட்டணத்தார் இகழ்வதுண்டு. அஃது எனக்கு உடன்பாடன்று. கொடுமைக்கு மேலே ஒரு நியாயம் இருந்தே தீரும் என்ற எண்ணமே அம்முறையீடு.

1937 ஏப்ரலில் நாவலப்பிட்டியில் ஒரு கூட்டம். பேசியவர் பிரேஸ்கேர்டில் என்னும் வெள்ளையர். மடுல்கலை ரெலுகாஸ் தோட்டத்தில் தொழில் பயில வந்து, தொழிலாளர் பக்கம் சாய்ந்து வேலையை இழந்தவர். துரைமாரின் முறைகேடுகளை அவர் எடுத்துரைக்க, வாக்கியந்தோறும் "சாமி, சாமி" என்று கூட்டம் முழங்கிற்றாம். துரைமார் தரப்பு அறிக்கையே இதைக் கூறுகிறது. சட்டத்தை மீறத் துரைமாரை இனி விடலாகாது என்று தொழிலாளர் தமக்குள் பேசிக்கொண்டதாகவும் அது குறிக்கிறது.

'சாமி' பழைய சொல். சட்டம் புதிய சொல். இரண்டும் ஒரே வாயில் வந்தன. பணிவு போய்விடவில்லை, துரையும் ஒரு முறைக்கு அடங்கியவர் என்ற அறிவு அதனோடு சேர்ந்துகொண்டது. பிரேஸ்கேர்டிலை நாடு கடத்தக் கவர்னர் ஆணையிட்டார். அந்த ஆணை செல்லாதென்று உயர் நீதிமன்றம் அதே ஆண்டில் தீர்த்தது. கவர்னருக்கே மேலான ஒன்று உண்டென்றால், துரை எம்மாத்திரம்?

அந்த அறிவுக்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. 1940 ஜனவரியில், சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்த முல்லோயாத் தோட்டத்தில், பொலிசாரின் துப்பாக்கிக்குக் கோவிந்தன் என்ற தொழிலாளி பலியானார். அதே ஆண்டில் தோட்டத் துரைமார் தொழிற்சங்கங்களோடு ஏழு அம்ச உடன்படிக்கை செய்துகொண்டனர். பின்னர், தோட்டத்து ஆபீசுக்கு முறையீட்டைச் சுமந்து சென்றவர் கங்காணியல்லர். தொழிலாளர் தாமே தெரிந்தெடுத்த தலைவர்.