நம்ம ஜோடிப் படத்தை நாமே எடுப்போம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



உள்கடன் விண்ணப்பங்களைப் பார்த்துக்கொண்டு வந்தபோது ஒன்றில், எதற்காகக் கடன் என்ற இடத்தில் "25-வது கல்யாண நாள், அவுட்டோர் போட்டோ" என்று எழுதியிருந்தது. ரெண்டு மூணு பேர் சிரிச்சாங்க. நாங்கள் சிரிக்கவில்லை. அது நியாயமான ஆசை. கல்யாண ஆல்பத்துக்குப் பிறகு புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து நிற்கிற படம் நம்மில் எத்தனை பேர் வீட்டில் இருக்கிறது? இருந்தால் பேங்க்கில் கேட்டார்கள் என்று ஸ்டுடியோவில் எடுத்தது இருக்கும். அதிலும் இரண்டு பேரும் பரீட்சை எழுத வந்த மாதிரி விறைத்து நிற்போம். வீட்டில் ஒருவர் தவறிவிட்டால், மாலை போட வாக்காளர் அட்டைப் படத்தைப் பெரிசு பண்ணக் கடைக்கு ஓடுகிறோம்.

ஆனால் அதற்குக் கடன் வாங்கணுமா என்பதுதான் கேள்வி. 10,000 ரூபாய் எடுத்தால், நூற்றுக்கு 1 ரூபாய் வட்டி என்றாலும் முதல் மாதமே 100 ரூபாய் வட்டி போகும். அந்த 10,000 ஒரு கறவை மாட்டுக்குத் தீவனமாகும். கையில் இருக்கிற போனிலேயே நல்ல படம் எடுக்கலாம். வெளிச்சம் மட்டும் தெரிந்தால் போதும்.

வெளிச்சத்துக்கு இப்போதுதான் நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகை இரண்டும் நம்ம பெரியவர்கள் சொன்ன கூதிர் காலம். வெளிநாட்டுப் படங்களில் இலையெல்லாம் சிவந்து உதிர்கிற காலமும் இதுதான். நம்ம பக்கம் இலை உதிர்வது மாசி, பங்குனியில். வாதுமை மரம் மட்டும் இலை விழுவதற்கு முன் நன்றாகச் சிவக்கும், தெருவில் இருந்தால் விட்டுவிடாதீர்கள். மற்றபடி நமக்குப் பச்சைதான். மழை பெய்து ஓய்ந்ததும் காற்றில் தூசி அடங்கி, இலைகள் கழுவி வைத்த மாதிரி இருக்கும். சம்பா பயிர் நிற்கிற வரப்பைவிட அழகான இடம் எந்த ஸ்டுடியோவில் இருக்கு?

உச்சி வெயிலில் எடுக்காதீர்கள். வெயில் நேர் மேலிருந்து விழுந்தால் கண்ணும் கழுத்தும் கருப்பாகிவிடும். காலை 6:30-லிருந்து 7:30, சாயங்காலம் 4:45-லிருந்து 5:30 நல்ல நேரம். நவம்பரில் 5:45-க்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும், அதனால் முன்னாடியே சேலை மாற்றிக்கொண்டு நில்லுங்கள். சாய்ந்த வெயில் ரொம்ப தூரம் காற்றுக்குள் வருவதால் அதில் நீலம் சிதறிப் போய், மஞ்சளும் சிவப்பும் மிஞ்சுகிறது. அதுதான் முகத்தில் அந்தப் பொன்னிறம். மேகம் மூடின நாள் என்றால் இன்னும் சுலபம், எந்த நேரமும் எடுக்கலாம். மரத்தடியில் நின்றால் முழு நிழலில் நில்லுங்கள். இலை இடுக்கில் விழுகிற வெயில் முகத்தில் தேமல் மாதிரி தெரியும்.

எடுக்க ஆள் இல்லையா? செங்கல்லோ பால் கேனோ அடுக்கி, நெஞ்சு உயரத்துக்கு போனைச் சாய்த்து வையுங்கள். தரையில் வைத்தால் தாடைதான் பெரிசாகத் தெரியும். செல்ஃபி கேமரா வேண்டாம். பின்பக்கக் கேமராதான் தெளிவு. முதலில் அந்தக் கண்ணாடியை முந்தானையால் துடையுங்கள், பாதிப் படம் மங்குவது கைரேகை எண்ணெயால்தான். டைமரை 10 விநாடிக்கு வைத்துவிட்டு, 6, 7 அடி தள்ளி நில்லுங்கள். வீட்டுக்காரர் வெள்ளை வேட்டி சட்டை என்றால் படம் வெளுத்துப்போகும். திரையில் அவர் முகத்தைத் தொட்டால் பக்கத்தில் சூரியன் குறி வரும், அதைக் கொஞ்சம் கீழே இழுங்கள். ஒன்றோடு நிறுத்தாமல் 10, 15 எடுங்கள். போட்டோவுக்குக் காசா பணமா?

ஆம்பளைங்களுக்குக் கூச்சம் ஜாஸ்தி. "தோள்ல கை போடுங்க"ன்னு சொன்னா ஓடியே போயிடுவாங்க. அதனால் வேலை கொடுங்கள். வரப்பில் சேர்ந்து நடந்து வரட்டும், புல்லுக்கட்டைத் தூக்கிவிடட்டும், கன்னுக்குட்டியைப் பிடிக்கட்டும். பேசிக்கொண்டு இருக்கும்போது எடுத்த படத்தில்தான் மனுஷர் மனுஷராகத் தெரிகிறார்.

இடத்தில் கவனம் வேண்டும். மழைக்காலத்தில் ஏரிக்கரை சறுக்கும், ஆற்றில் தண்ணீர் திடீரென்று ஏறும், இடி இடித்தால் வயல்வெளியை விட்டு வந்துவிடுங்கள். ரயில் தண்டவாளம் பக்கமே போகக்கூடாது. உயிர் ஆபத்து ஒருபுறம், 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவில் அத்துமீறி நுழைந்தால் 6 மாதம் வரை சிறைகூட உண்டு. வேலியில் செங்காந்தள் பூத்திருந்தால் பின்னால் வைத்து எடுங்கள், பறிக்க வேண்டாம். செடி முழுக்க விஷம், கிழங்கு உயிரையே எடுக்கும்.

படத்தைப் போனிலேயே விட்டுவிட்டால் போன் தொலைகிற அன்று படமும் தொலையும். 4-க்கு 6 அளவில் ஒரு பிரிண்ட் போட்டு வையுங்கள். கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பினால் தெளிவு குறையும், டாக்குமென்ட் என்று அனுப்புங்கள். ஸ்டேட்டஸில் போடுவதற்கு முன் இரண்டு பேரும் சம்மதிக்க வேண்டும். அவர் வேண்டாம் என்றாலும் போடக்கூடாது, நாம் வேண்டாம் என்றாலும் போடக்கூடாது.

ஜோடி என்றால் புருஷன் பொண்டாட்டி மட்டும்தானா என்று நம் குழுவில் தனியாக வாழும் அக்கா ஒருத்தர் கேட்டார். இல்லவே இல்லை. அம்மாவும் மகளும் நிற்கலாம், அக்கா தங்கச்சி நிற்கலாம், 15 வருஷமாகச் சேர்ந்து சேமிக்கிற இரண்டு தோழிகளும் நிற்கலாம்.

அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு பிரிண்ட் கொண்டு வாருங்கள், சுவரில் ஒட்டிப் பார்ப்போம். நல்ல போன் இல்லாத வீடுகளுக்கு யார் யார் போய் எடுத்துக் கொடுப்பது என்பதை ஊக்குநர்கள் இன்றைக்கே தீர்மான நோட்டில் எழுதிவிடுங்கள்.