நாய்கள் ஊளையிடும் இரவு: தாய்லாந்துத் தேர்தலில் பணமும் துப்பாக்கியும்

தாய்லாந்தில் வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவுக்குத் தனிப் பெயர் உண்டு: ‘கூன் மா ஹோன்’, நாய்கள் ஊளையிடும் இரவு. ஊர் அடங்கிய பிறகு பெயர்ப் பட்டியலோடு ஒருவர் வீடு வீடாகக் கதவைத் தட்டுகிறார். அகாலத்தில் ஆள் நடமாட்டம் கண்ட நாய்கள் தெரு நெடுக ஊளையிடுகின்றன. பட்டியல் வைத்திருப்பவருக்கு ‘ஹுவா கனேன்’, அதாவது ‘வாக்குத் தலை’, என்று பெயர். அவர் வெளியாள் அல்லர். ஊர்த் தலைவராகவோ பள்ளி ஆசிரியராகவோ கடைக்காரராகவோ இருப்பார். காவல் நிலையத்தில் ஒரு சிபாரிசு, அவசரத்துக்குக் கைமாற்று, சாவு வீட்டில் ஒத்தாசை என்று ஆண்டு முழுவதும் கூட நின்றவர் நீட்டும் பணத்தை யாரும் வெறும் விலையாகப் பார்ப்பதில்லை. வாங்கிக்கொண்டு மனம்போல் வாக்களிப்பவர்களும் ஏராளம். பட்டுவாடா செய்யாத வேட்பாளர் ஊரை மதிக்காதவர் என்று ஒதுக்கப்படலாம். செய்தவர் வெல்வார் என்பதற்கோ உத்தரவாதம் கிடையாது. ‘வாக்கு வணிகம்’ என்ற சொல் இந்த உறவில் பாதியைத்தான் சொல்கிறது.

1981-ல் வடகிழக்கின் ரோய் எட் மாகாண இடைத்தேர்தலில் முன்னாள் பிரதமர் கிரியாங்சாக் சமனான் நின்றபோது பணம் கொட்டப்பட்டதைப் பார்த்து ‘ரோய் எட் நோய்’ என்ற சொல்லே பிறந்தது. 1995 பொதுத் தேர்தலில் புரிராம் மாகாணத்தில் 20, 100 பாட் நோட்டுகளாக 1 கோடிக்கும் மேற்பட்ட பாட் பிடிபட்டது.

துப்பாக்கியின் கதை வேறு. 1970களின் நடுவில் அது கொள்கையைக் குறிவைத்தது. 1976 பிப்ரவரி 28 அன்று, தேர்தலுக்குச் சில வாரங்களே இருக்கையில், சோஷலிசக் கட்சியின் பொதுச்செயலாளரும் சமூகவியல் அறிஞருமான பூன்சனோங் புன்யோதயானா வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1980களில் இலக்கு மாறியது. நாடாளுமன்ற இருக்கை என்பது ஒப்பந்தங்களுக்கும் அமைச்சர் பதவிக்கும் வாசலான பிறகு, கூலிப்படைக்குப் பலியானவர்கள் போட்டி வேட்பாளர்களும் வாக்குத் தலைகளும்தான். அரசியல் அறிஞர் பெனடிக்ட் ஆண்டர்சன் 1990-ல் எழுதிய கட்டுரை இதிலிருந்து ஒரு கசப்பான முடிவுக்கு வந்தது: கொலை செய்தாவது பிடிக்கத்தக்கதாக அந்தப் பதவி ஆகியிருப்பதே, நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் வந்துவிட்டதன் அடையாளம். 1975 முதல் 2011 வரையிலான தேர்தல் வன்முறையை ஆராய்ந்த பிரஜக் கொங்கிரதி இன்னும் நுட்பமாகப் பார்க்கிறார். ஒரே குடும்பத்தின் பிடி இறுகிய மாகாணம் அமைதியாக இருக்கும். சமபலமுள்ள குடும்பங்கள் மோதும் இடத்தில்தான் ரத்தம் சிந்தும். தேர்தல் நாளின் அமைதியை நேர்மைக்குச் சான்றாக எடுத்துக்கொள்வது எவ்வளவு பெரிய பிழை என்பதற்கு இது போதும்.

அந்தக் குடும்பப் பிடிக்குச் சோன்புரி மாகாணம் நல்ல எடுத்துக்காட்டு. ‘கம்னான் போ’ என்று அழைக்கப்பட்ட சோம்சாய் குன்புளூம் அங்கே பல பத்தாண்டுகள் ‘சாவ் போ’வாக, அதாவது தாதாவாக, கோலோச்சினார். அவருடைய மகன்கள் நாடாளுமன்றம் சென்றார்கள். 2003-ல் நடந்த ஒரு கொலைக்கு ஆணையிட்டதாக அவருக்கு 25 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. தலைமறைவாகிப் பல ஆண்டுகள் கழித்து 2013 ஜனவரியில் பிடிபட்டபோது, மகன் சொந்தயா பண்பாட்டுத் துறை அமைச்சராக இருந்தார்.

சட்டத்தால் இந்தப் பணத்தையும் துப்பாக்கியையும் கட்டுப்படுத்த நடந்த முயற்சிகளில் 1997 அரசியலமைப்பே பெரியது. தன்னாட்சி பெற்ற தேர்தல் ஆணையம் வந்தது, வாக்களிப்பது கட்டாயமானது. சாவடியிலேயே எண்ணினால் எந்த ஊர் சொன்னபடி வாக்களித்தது என்று வாக்குத் தலைக்குத் தெரிந்துவிடும் என்பதால், தொகுதி முழுவதற்கும் ஒரே இடத்தில் எண்ணும் முறை கொண்டுவரப்பட்டது. எளிய மாற்றம்தான், ஆனால் இடம் அறிந்து செய்தது. 2000 மார்ச்சில் நடந்த செனட் தேர்தலில் வென்ற 200 பேரில் 78 பேரை ஆணையம் ஏற்க மறுத்தது. எல்லா இடங்களையும் நிரப்ப ஐந்து சுற்றுத் தேர்தல் தேவைப்பட்டது. 2001-ல் தாய் ரக் தாய் கட்சி 30 பாட்டில் மருத்துவம் தரும் திட்டத்தைச் சொல்லி வென்ற பிறகு, நோட்டை வாங்கிய கைகளே திட்டத்தைப் பார்த்தும் வாக்களித்தன.

ஆனால் ‘விலைபோகும் கிராமத்து வாக்காளர்’ என்ற பழி தலைநகரில் மாறவில்லை. கிராமம் அரசைத் தேர்ந்தெடுக்கிறது, நகரம் அதைக் கவிழ்க்கிறது என்று அரசியல் அறிஞர் அனெக் லாவ்தமதாஸ் 1990களில் விளக்கிய பிளவு அந்தப் பழியில் வேர்விட்டது. 1991, 2006, 2014 ஆட்சிக் கவிழ்ப்புகள் மூன்றிலும் ஊழல் காரணமாகக் காட்டப்பட்டது. 2014 பிப்ரவரி 2 தேர்தலை மறித்தவர்கள் தூய்மையான அரசியல் கேட்டுத் தெருவில் இறங்கியவர்களே. முந்தைய நாள் பாங்காக்கின் லக்சி சந்திப்பில் துப்பாக்கிகள் முழங்கின.

ஆகவே தாய்லாந்துத் தேர்தல்களைப் பற்றி இந்த ஆய்வரங்கில் வாசிக்கப்படும் கட்டுரைகள் 100 பாட் வாங்கிய விவசாயியோடு நின்றுவிடக் கூடாது. தூய்மையின் பெயரால் தேர்தலையே பறித்தவர்களின் கணக்கையும் எடுக்க வேண்டும். சோன்புரியிலேயே அந்தக் கணக்கு கிடைக்கிறது. 2014-ல் ஆட்சியைக் கவிழ்த்த ராணுவ அரசு 2018-ல் அதே சொந்தயாவைப் பிரதமரின் ஆலோசகராக்கியது. சில மாதங்களில், தேர்தலே நடத்தாமல், பட்டாயா நகரின் மேயராகவும் நியமித்தது.