பழவேற்காட்டில் பாடு முறை



உப்புநீரைப் பற்றிய பேச்சு கழனிக்காரருக்கு எதற்கு என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். ஆயினும் ஏரிப் பாசனத்தில் முறைப் பாய்ச்சல் நமக்குப் புதிதன்று. மடைநீர் ஒருவர் வயலிலேயே தங்கிவிடாதபடி, இன்ன நாள் இன்னாருக்கு என்று ஊர் கூடி வகுத்துக்கொள்கிறோம். அதே ஏற்பாட்டை மீனுக்கும் இறாலுக்கும் செய்துகொண்டவர்கள் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டு மீனவர்கள். அதற்குப் 'பாடு' என்று பெயர்.

சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. ஆரணி ஆறும் காளங்கி ஆறும் அதற்கு நன்னீர் தருகின்றன. முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் வந்து கலக்கின்றது. இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் ஏற்றநீரோடு ஏரிக்குள் புகுந்து, இரை தின்று வளர்ந்து, மீண்டும் கடலை நாடிச் செல்கின்றன. அவை திரும்பும் வழியில் வலை கட்டியவனுக்கு நல்ல பிடிப்பு. ஆகவே முகத்துவாரத்தை அடுத்த சில இடங்களுக்கே போட்டி அதிகம்.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊராரும், முளை நட்டுக் கட்டும் சுத்து வலைக்குரிய அவ்விடங்களை முறை வைத்துப் பகிர்ந்துகொண்டனர். முறை தவறியவர் ஊரார் முன்னிலையில் பதில் சொல்ல வேண்டும். காவலரோ கச்சேரியோ இன்றி நடந்துவந்த நிருவாகம் இது!

ஆனால் ஒரு குறையை நாம் மறைத்தல் தகாது. பாட்டில் இடம் பெற்றோர் பட்டினவர் குடும்பத்தினர் மட்டுமே. ஏரியை நம்பிய மற்றச் சாதியாருக்கும், சேற்றைக் கையால் தடவி இறால் எடுக்கும் இருளருக்கும் அதில் பங்கில்லை. இறால் ஏற்றுமதிப் பண்டமாகி விலை ஏறியதும் பூசல்கள் மூண்டன. முறை நல்லதே, அதன் கதவுதான் குறுகியது என்பது நம் கருத்து.

எல்லாவற்றையும் மீனவர் தலையில் சுமத்துவதும் நியாயமன்று. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கடலில் தடை உண்டு. 2017க்கு முன் அது 45 நாட்களாக இருந்தது. இனப்பெருக்கத்திற்காக அவர்கள் படகைக் கட்டிவைக்கும்போது, நாம் வயலில் தெளித்த பூச்சிமருந்து மழைநீரோடு ஆற்றில் இறங்கி ஏரியை அடையலாமா? இறால் பண்ணைகளின் கழிவுநீரும் அவ்வாறே. 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி கடலோரப் பண்ணைகள் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். உங்கள் எல்லைக்குள் புதிய குட்டை வெட்டப்பட்டால், பதிவுச் சான்றைக் காட்டுமாறு கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்; அக்குட்டையின் உப்பு முதலில் இறங்குவது அடுத்த நிலத்துக் கிணற்றில்தான்.

மே 1ஆம் நாள் கிராம சபை கூடும்போது, ஆற்றோர உழவரையும் குப்பத்தாரையும் இருளர் குடியிருப்பினரையும் ஒரே பந்தலில் அமர்த்துங்கள். எந்த மாதத்தில் குஞ்சு இறால் ஏறுகிறது, எந்த வலையின் கண் மிகச் சிறியது, எந்த வாய்க்காலில் கழிவு வருகிறது என்பவற்றை அவர்களே சொல்வார்கள். அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, மீன்வளத் துறை அலுவலருக்கு ஒரு படி அனுப்பிவையுங்கள்.